கட்டைவிரலுக்கு இன்னொரு பெயர்

எனக்குப் பாவு பிணைக்கும் வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு; ஒரு பாவு தீரும்போது, அதன் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் இழையோடு சேர்த்து முறுக்கிவிட வேண்டும். சாம்பலைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே உருட்டு. ஆயிரக்கணக்கான இழைகள். குமாரபாளையத்தில் என்னைவிட வேகமாகப் பிணைக்கிறவர்கள் இருக்கலாம், நான் ஒப்புக்கொண்டதில்லை.

போன ஆடியில் தறிப்பட்டறை வாசற்படியில் வழுக்கி, வலது முழங்கை தரையில் மோத விழுந்தேன். கூட வேலை செய்கிறவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். முழங்கைக்கு அட்டையை வைத்துப் பாவு நூலால் இறுக்கிக் கட்டினார்கள். தறிக்காரர்களுக்குத் தளர்வாக ஒரு கட்டுப் போடத் தெரியாது. இழை தொய்ந்தால் துணி பாழ் என்றே பழகிய கைகள் அவை. இன்னும் ரெண்டு சுற்றுப் போடச் சொன்னவனும் நான்தான்.

விடிந்து பார்த்தால் கட்டைவிரல் மரத்துக் கிடந்தது. சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன், தொட்டதே தெரியவில்லை. பயத்தை மறைக்க, காப்பி ஆறிப்போச்சு என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

திருச்செங்கோட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டோடவே எக்ஸ்ரே எடுத்தார்கள். முதலில் பார்த்த டாக்டர் ஒரு சீட்டு எழுதி, எலும்பு டாக்டரம்மாவைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது மனைவி அந்தச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கிறுக்கலில் புரிந்தவை இரண்டே சொற்கள்: ஒலெக்ரனான், பாலெக்ஸ்.

அவ்வளவுதான், எங்கள் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நோய் வந்தாலே தாங்காது, இங்கே இரண்டு. அதுவும் எங்கள் தெருவில் யாருக்கும் வராத நோய்கள். ஒலெக்ரனான் எலும்பை அரிக்கும் என்று நானே முடிவு செய்தேன். பாலெக்ஸ் ரத்தத்தில் வருவது என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, பாவு பிணைப்பதைத் தனக்குச் சொல்லித் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் இன்னும் சாகவில்லை என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண். சீட்டையும் படத்தையும் பார்த்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். இந்த ரெண்டு நோயும் தீருமா என்று என் மனைவி கேட்டாள். டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஒலெக்ரனான்னா முழங்கை முட்டிங்க. பாலெக்ஸ்னா கட்டைவிரல். ரெண்டும் நீங்க பொறந்ததுல இருந்து உங்ககிட்ட இருக்கறதுதான்."

முட்டியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல், அது தானாகக் கூடிவிடும் என்றார். விரலுக்குப் போகிற நரம்பு முழங்கை வழியாகத்தான் போகிறதாம். எங்கள் கட்டு அதைத்தான் நெரித்திருக்கிறது. கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். அதற்கே பாடாய்ப் பட்டார். உணர்வு இன்றைக்கோ நாளைக்கோ திரும்பிவிடும் என்று சொல்லி, கையைக் கழுத்தோடு தூளி போலக் கட்டி அனுப்பினார்.

வெளியே வந்து இரண்டு டீ வாங்கினேன். அவளிடம் கத்தியதற்கு வருத்தமாக இருந்தது. ஒரு பெயருக்குப் போய் இப்படி நடுங்கினோமே என்று எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது. ஆனாலும் விரல் இன்னும் மரக்கட்டையாகத்தான் கிடந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். சங்ககிரி தாண்டியதும் அவள் என் கட்டைவிரலைப் பிடித்து, நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். சுரீர் என்றது.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது புள்ள."

அவள் நம்பவில்லை. மறுபடியும் கிள்ளினாள். குமாரபாளையம் வரும்வரை கிள்ளிக்கொண்டே வந்தாள், நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.