லெஃப்ட் பேக்குக்கு யாரும் பூக்கட்டவில்லை

எங்கள் மில் கால்பந்து அணிக்குக் கோல் போட ஆள் இல்லாத வருடம் என்று ஒன்று இருந்ததில்லை. கோல் வாங்காமல் தடுக்க ஆள் இருந்த வருடம் என்றும் ஒன்று இருந்ததில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடிப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்து ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நூலை இழுத்து, எந்தப் பாரத்தில் அறுகிறது என்று பார்ப்பது என் வேலை. ஜன்னலுக்கு வெளியே மில்லின் மைதானம். சாயங்காலச் சங்கு ஊதியதும் அணி பயிற்சிக்கு இறங்கும். கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்பவர் என் அண்ணன்.

அண்ணன் மில்லில் பதிலித் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத நாளில் அவருடைய இடத்தில் வேலை செய்கிறவர். பந்து ஆடுகிறவர்களை மில் இப்படித்தான் சேர்த்துக்கொள்ளும். சீசனில் ஆட்டத்துக்குச் சம்பளம், மற்ற நாளில் பதிலி வேலை. சில சீசன் நன்றாக ஆடி, அணிச் செயலாளர் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொன்னால் நிரந்தரம். அப்பா இறந்த பிறகு எங்கள் வீடு அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. அண்ணனுக்குப் பெண் கேட்டுப் போன இடங்களிலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்தது: "மாப்பிள்ளை பெர்மனெண்டா?"

அணிச் செயலாளர் வேறு யாருமில்லை, எங்கள் பெரியப்பாதான். மில் டைம் ஆபீஸில் தலைமைக் கிளார்க். சொந்தம் என்பதால் காரியம் சுலபமாக நடந்துவிடும் என்று வெளியார் நினைத்தார்கள். சொந்தம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அவர் அண்ணனிடம் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருந்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரப் போட்டியில் நான்கு அணிகள். எங்கள் மில், புதுவயல் அரிசி ஆலைக்காரர்களின் அணி, கல்லல் அணி, காரைக்குடிக் கடைவீதி இளைஞர்களின் அணி. வெளியூர் ஆட்டக்காரர்களைப் பிடிப்பதில் முன்பெல்லாம் பெரிய அடிதடி நடக்குமாம். ஓர் அணி பஸ் ஏற்றி அழைத்து வருகிற ஆளை இன்னோர் அணி பாதி வழியில் இறக்கிக் கொண்டு போய்விடும். சண்டையை நிறுத்தப் போட்டிக் கமிட்டி ஓர் ஏற்பாடு செய்தது. பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாய்ப்புக் கேட்டு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஒரு மைதானத்தில் ஆடிக் காட்ட வேண்டும். அதற்கு அடுத்த ஞாயிறு அணிகள் முறை வைத்து அணிக்கு ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை. மெலிந்த அணி தேறட்டும் என்ற நல்லெண்ணம். ஆள் எடுப்பு என்று அதற்குப் பெயர்.

என் கருத்தில், ஆள் எடுப்புக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்வி: நம்மிடம் எது இல்லை? பெரியப்பா கேட்ட கேள்வி வேறு: வந்திருப்பவர்களில் யார் ஆட்டம் அழகு? அழகாக ஆடுகிறவர் எப்போதும் முன்வரிசைக்காரராகவே இருப்பார். பந்தைத் தடுத்து வெளியே அனுப்புகிறவரின் ஆட்டத்தில் பார்க்க என்ன அழகு இருக்கிறது? இப்படி வருடத்துக்கு ஒருவராக எடுத்து, எங்கள் அணியில் கோல் போடுகிறவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டார்கள். இடது பக்கப் பின்வரிசையில், லெஃப்ட் பேக் இடத்தில், முழங்கால் வீங்கிய பழைய ஆட்டக்காரர் ஒருவர் துணி சுற்றிக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுவரப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். தாண்டினால் அண்ணன் மட்டும்தான்.

அந்த வருடம் ஆடிக் காட்ட வந்தவர்களில் மானாமதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். உயரம், கறுத்த தேகம், இடதுகால் பழக்கம். ஆட்டம் முழுவதும் தன் இடத்தைவிட்டு நகரவே இல்லை. அவர் பக்கம் வந்த பந்து எதுவும் அவரைத் தாண்டவில்லை. கைதட்டலும் வரவில்லை. எனக்கு அவரைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

ஆள் எடுப்புக்கு முந்தைய நாள் பெரியப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மா பரிமாற, நான் தண்ணீர் வைக்கிற சாக்கில் ஆரம்பித்தேன்.

"பெரியப்பா, இந்த வருசம் லெஃப்ட் பேக்குக்கு ஆள் எடுக்கலாம்ல? அந்த மானாமதுரைக்காரரு நல்லாத் தடுக்குறாரே."

"யாரு, அந்தப் பனைமரமா? நின்ன எடத்துலயே நிக்கிறான். அவனை எடுத்துட்டு வந்தா, ஊர்ல கேப்பாக, மில்லுல செவுரு கட்ட ஆளு எடுத்தீகளான்னு."

"செவுருதான் வேணும் பெரியப்பா. நூலு எல்லா எடத்துலயும் அறுகுறதில்ல. எங்க மெலிஞ்சிருக்கோ அங்கதான் அறுகுது. மத்த எடத்துல எம்புட்டுப் பலம் இருந்து என்ன?"

பெரியப்பா சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "ஏத்தா, மில்லுலதான் நூல அறுக்குறேன்னா வீட்டுலயும் வந்து அறுக்குற? நாலு கோல் வாங்குனா அஞ்சு கோல் போட்டுட்டுப் போறோம். அம்புட்டுத்தான் கணக்கு. குழம்பு ஊத்தச் சொல்லு."

அண்ணன் பக்கத்து இலையில் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா போன பிறகு என்னிடம், "நீ எதுக்கு இதெல்லாம் பேசுற? எனக்காகப் பேசுற மாதிரில்ல ஆகும்" என்றார். அதுவும் உண்மைதான். அண்ணன் பேசினால் சுயநலம். நான் பேசினால் அண்ணன் சொல்லிக் கொடுத்தது. வேறு யாரும் பேசப் போவதில்லை.

மறுநாள் விடிந்ததும் பெரியப்பா என்னைக் குன்றக்குடிக்கு அழைத்துப் போனார். பெரிய முடிவு எதையும் அவர் பூக்கட்டிப் பார்க்காமல் எடுத்ததில்லை. நிலம் வாங்கியது, மகளுக்கு வரன் முடித்தது எல்லாம் அப்படித்தான். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வைத்து, உள்ளே இருப்பது தெரியாதபடி நாரால் கட்டி, சன்னதியில் முருகன் காலடியில் வைப்பார்கள். கல்யாணமாகாத பெண்ணோ சின்னக் குழந்தையோ ஒன்றை எடுக்க வேண்டும். எந்த நிறம் வருகிறதோ அதுவே சாமி உத்தரவு. அந்த வருடம் எடுக்க வேண்டியவள் நான்.

மலைப்படி ஏறும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. வெள்ளைக்கு ஒருவர், சிவப்புக்கு ஒருவர் என்றால், அதில் ஒருவர் மானாமதுரைக்காரராக இருக்கலாம் அல்லவா? பாதி வாய்ப்பாவது உண்டு.

"யாரு யாருக்குப் பெரியப்பா கட்டிருக்கீக?"

"வெள்ளை, அந்த மதுரைப் பய, முடி வளத்திருக்கான்ல, சென்டர் ஃபார்வர்டு. செவப்பு, திருச்சிக்காரன்."

திருச்சிக்காரரும் முன்வரிசை ஆட்டக்காரர்தான். நான் நின்றுவிட்டேன்.

"மூணாவதா ஒரு பொட்டணம் கட்டுவோமா பெரியப்பா? மஞ்சப் பூ வச்சு?"

"எந்த ஊர்லத்தா மூணு பொட்டணம் கட்டுவாக? ரெண்டுதான் வழக்கம். வா, வெயில் ஏறுது."

சன்னதியில் குருக்கள் பொட்டணங்களை வாங்கிக் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். தாம்பாளத்தை என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எடும்மா குழந்தே. பின்னாடி வரன் கேக்க வந்தவா காத்துண்டிருக்கா."

எடுத்தேன். வெள்ளை. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, நான் மனசுல நெனச்சதே வந்துருச்சு" என்றார். வேறெதுவும் வருவதற்கு வழியே இல்லை. கேட்காத ஆளை முருகன் எப்படித் தருவான்? ஆனால் சாமி உத்தரவான பிறகு அதைப் பேச முடியாது. அதுவும் எடுத்தது என் கை.

அன்று சாயங்காலம் எங்கள் முறை வந்ததும் பெரியப்பா மதுரைக்காரரின் பெயரைச் சொன்னார். கூட்டம் விசிலடித்தது. எங்களுக்கு அடுத்த முறை புதுவயலுக்கு. அவர்கள் மானாமதுரைக்காரரை எடுத்தார்கள். யாரும் விசிலடிக்கவில்லை.

மதுரைக்காரர் நன்றாகத்தான் ஆடினார். அதை மறுக்க முடியாது. அவர் பந்தோடு திரும்பினால் மூன்று பேர் ஏமாந்து வேறு பக்கம் ஓடுவார்கள். மைதானத்தில் பெண்களுக்கென்று கயிறு கட்டிப் பிரித்த ஓர் ஓரம் உண்டு. அங்கே என்னோடு தவறாமல் வந்து உட்கார்ந்தவர், மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவில் வேலை செய்த ஓர் அக்கா. அவருக்கு ஆட்ட விதிகள் முழுதாகத் தெரியாது. ஓட்டை எங்கே என்பது மட்டும் முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

"ஏய், எடது பக்கம் என்னடா சந்தைக்கு வழி விட்டு வச்சிருக்கீக? போறவன் வாரவன் எல்லாம் அங்குட்டுத்தான் போறான்! சுங்கமாச்சும் வசூல் பண்ணுங்கடா!"

எல்லோரும் சிரித்தார்கள். முழங்கால் வீங்கிய லெஃப்ட் பேக்கும் சிரித்தார். அக்கா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஒங்க அண்ணன் என்ன செய்வாக பாவம். ஒத்த ஆளு எத்தனை வாசலுக்குக் காவல் நிப்பாக?"

பெரியப்பா சொன்ன கணக்குக்கு அந்த சீசனில் நேர்மாறாக நடந்தது. நாங்கள் இரண்டு போட்டால் மூன்று வாங்கினோம், மூன்று போட்டால் நான்கு. கடைசி ஆட்டம் புதுவயலோடு. அங்கே மானாமதுரைக்காரர் நின்றார். எங்கள் மதுரைக்காரர் இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். மானாமதுரைக்காரர் அசையவே இல்லை. காலை மட்டும் நீட்டிப் பந்தை எடுத்து, எங்கள் இடது பக்கத்துக்கு நீளமாக அனுப்பினார். அங்கே தடுக்க யாரும் இல்லை; முழங்கால் வீங்கியவர் வந்து சேர்வதற்குள் புதுவயல் முன்வரிசைக்காரர் பந்தை எட்டிவிட்டார். அண்ணன் முன்னால் ஓடி வந்து விழுந்தார். பந்து அவர் தோளுக்கு மேலே போயிற்று. மறுபடியும் அதே மாதிரி. மறுபடியும்.

"கோலி, அது ஒன் கையா, வாடகைக்கு எடுத்த கையாடா?" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒருவர் கத்தினார். அண்ணன் பந்தை வலையிலிருந்து எடுத்து, சட்டையில் மண்ணைத் துடைத்து, நடுக்கோட்டுக்கு உதைத்தார். அந்த அக்காவும் அன்றைக்குக் கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு எழுந்து போய்ப் பெரியப்பாவிடம் அந்தக் காலி இடத்தைக் கையால் சுட்டிக் காட்ட வேண்டும் போலிருந்தது. கயிற்றைத் தாண்டிப் பெண்கள் போவதில்லை. போயிருந்தாலும், அவர் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணனை.

நாங்கள் கடைசியாக வந்தோம். அதனால் அடுத்த ஆள் எடுப்பில் முதல் முறை எங்களுக்கு.

பொங்கல் கழிந்து பெரியப்பா வீட்டுக்கு வந்தார். இந்த முறை அவராகவே பேச்சை எடுத்தார்.

"நீ சொன்னதுதான் சரித்தா. கோல் போட ஆள் இருந்து புண்ணியமில்ல. பின்னாடிக்குத்தான் ஆள் எடுக்கணும். யோசிச்சுப் பாத்துட்டேன்."

ஒரு நிமிடம் எனக்கு மூச்சு இலேசானது. அண்ணன் தலை நிமிர்ந்தார். அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார்.

"லெஃப்ட் பேக்குத்தானே பெரியப்பா?"

"இல்லத்தா. கோலி."

பெரியப்பா அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார். ஒளித்துப் பேசுகிறவர் இல்லை அவர். "தப்பா எடுத்துக்கிறாதய்யா. பந்து உள்ள போனப்ப அங்க நின்னது நீதான். ஊரே பாத்துச்சு. சொந்தக்காரப் பயன்னு உன்னை வச்சுக்கிட்டிருந்தா நாளைக்கு என்னைக் கேப்பாக. மேனேஜர்ட்டயும் சொல்லிட்டேன். வார கோலிக்கே அந்த எடம்."

அந்த இடம் என்றால் அண்ணனுடைய பதிலி வேலை, அதன் பின்னால் இருந்த நிரந்தரம், எல்லாம் சேர்த்து. நான் நூலைப் பற்றி ஆரம்பித்தேன். அண்ணன் கண்ணால் வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் குன்றக்குடி. இந்த முறை அண்ணனும் பஸ்ஸில் வந்தார். ஏன் என்று கேட்கவில்லை. மலை ஏறாமல் அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். வெள்ளை, தஞ்சாவூர் கோலிக்கு. சிவப்பு, திண்டுக்கல் கோலிக்கு.

தாம்பாளம் என் முன்னால் வந்தது. எனக்கு இருந்த வழிகளை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். வெள்ளையை எடுக்கலாம். சிவப்பை எடுக்கலாம். மாட்டேன் என்று சொல்லலாம், பின்னால் நிற்கிற வேறொரு பெண்ணைக் கூப்பிடுவார்கள். அழலாம், சன்னதியில் உருக்கமாகக் கும்பிடுகிறாள் என்று நினைப்பார்கள். எல்லா வழியும் ஒரே இடத்துக்குத்தான் போயிற்று. கைக்கு அருகில் இருந்ததை எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். பிரிப்பதைப் பார்க்காமல் தீபத்தைப் பார்த்தேன்.

"செவப்பு" என்றார் பெரியப்பா.

அவர் அர்ச்சனைத் தட்டு வாங்க நின்றார். நான் முன்னால் இறங்கி வந்தேன். அண்ணன் டீக்கடை பெஞ்சில் எனக்கும் ஒரு டீ சொல்லி வைத்திருந்தார்.

"யாரு?"

"திண்டுக்கல்காரரு."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "நல்ல கோலி. உசரப் பந்த ஒத்தக் கையில எடுப்பான். நான் பாத்திருக்கேன்." டீயை ஆற்றி என் பக்கம் நகர்த்தினார். "லெஃப்ட் பேக்குக்கு?"

"ஒரு ஆளுதான் எடுக்கலாமாம். பழைய ஆளே நிப்பாராம்."

"அந்த முழங்காலோடயா?"

"ஆமா."

அண்ணன் மலையைப் பார்த்தார். பெரியப்பா படியில் மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அப்ப திண்டுக்கல்காரனும் பாவந்தான்" என்றார் அண்ணன்.