மூணு தட்டு கேட்டா வராதே

நம்ப விருப்பமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பேய்க் கதை என்றால் நடுராத்திரியும் ஆளில்லாத வீடும் வேண்டும் என்பார்கள். இது பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு படப்பிடிப்பு யூனிட்டே சுற்றி நிற்கும்போது நடந்தது. மூன்று கேமராக்கள் அங்கே இருந்தன. அவற்றில் ஒன்றில் எல்லாமே பதிவாகியிருக்கிறது. சம்பந்தப்பட்ட பெண் இன்றும் உயிரோடுதான் இருக்கிறாள். தையல் மெஷினைத் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

படம் பெரிய படம். வானத்தில் பறந்து ஊரைக் காப்பாற்றும் வீரனின் கதை. முகம் தெரிகிற இடத்தில் ஹீரோ வருவார். பறப்பது, எரிவது, மாடியிலிருந்து விழுவது எல்லாம் டூப். டூப் போட்டுக்கொள்ளும் கவசத்தை யூனிட்டில் 'சூட்' என்றே சொன்னார்கள். ரப்பரும் ஃபைபரும் கலந்தது, இருபத்திரண்டு கிலோ. ஜிப் வைத்தால் கேமராவில் தெரியும் என்று முதுகுப் பக்கம் பதினேழு திருகாணிகள் வைத்திருந்தார்கள். ஹெல்மெட் வாயையும் சேர்த்து மூடிவிடும். உள்ளிருந்து கத்தினாலும் வெளியே முனகல்கூட வராது. உள்ளே போனவன் தானாக வெளியே வரவும் முடியாது. யாராவது நின்று ஒவ்வொரு திருகாணியாகக் கழற்ற வேண்டும்.

அந்த வேலை அக்காவுடையது. காஸ்ட்யூம் பிரிவில் பழைய ஆள். மேனேஜரிலிருந்து டீ கொடுப்பவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான்.

உள்ளே இருப்பவன் எப்படிப் பேசுவான்? அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அக்கா ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு தட்டு தட்டுவாள். உள்ளே இருப்பவன் பதிலுக்குத் தன் மார்க்கவசத்தைத் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் நன்றாக இருக்கிறேன். மூன்று தட்டு என்றால் திற.

அக்கா இந்தப் படத்தில் சேர்ந்தபோது படம் பாதி முடிந்திருந்தது. முன்பிருந்த டூப் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். சூட் அவன் உடம்பின் அச்சில் செய்தது. புதிதாகச் செய்ய நேரமும் இல்லை, மனமும் இல்லை. எனவே சூட்டுக்கு ஆள் தேடினார்கள். வந்த ஃபைட்டர்களில் ஒருவனுக்குத் தோள் இடித்தது, இன்னொருவனுக்குத் தொடை நுழையவில்லை. மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போன அக்கா, சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள். டேப்பை எடுத்தாள். தோள், மார்பு, இடுப்பு, தொடை...

அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது.

"என்னக்கா, பொணத்துக்கு அளவெடுக்கிற மாதிரி எடுக்கிற?" என்று தூக்கத்திலேயே சிரித்தான் தம்பி.

தம்பிக்கு எந்த வேலையும் நிலைத்ததில்லை. சண்டைக்காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக அடிவாங்குவான். ஸ்டண்ட் சங்கத்தில் உறுப்பினர் கார்டு இல்லை. இந்தப் படத்தை முழுசாக முடித்தால் கார்டு வாங்கித் தருவதாக ஸ்டண்ட் மாஸ்டர் வாக்குக் கொடுத்தார். அந்தக் கார்டு வந்தால் தம்பியின் பிழைப்புக்குக் கவலையில்லை. அக்கா கேட்டது அது ஒன்றைத்தான்.

முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் நெருடியது. படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆனதும் சூட்டைக் கழற்றி, உள்துணியைத் துடைத்து, ஸ்டாண்டில் மாட்டி, ஃபேன் போட்டுவிட்டுப் போவாள். காலையில் வந்தால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். உள்துணி ஈரமாக இருக்கும். பிழிந்தால் சொட்டும் அளவுக்கு. தம்பியின் வியர்வை வாடை அவளுக்குத் தெரியும்.

இது வேறு வாடை.

ஒருநாள் காலை, அறையில் அவள் மட்டும் இருந்தாள். குனிந்து கையுறைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

டொக்... டொக்... டொக்.

நிமிர்ந்தாள். ஸ்டாண்டில் சூட். காலியாக. ரப்பர் சூடாகும்போது சத்தம் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஊசியில் நூல் நுழைய மறுத்தது.

மறுநாள் ரோப் ஷாட். தம்பி கயிற்றில் தொங்கிக்கொண்டு போக, கீழே நான்கு கார்கள் வெடிக்க வேண்டும். 'ஆக்‌ஷன்' சொல்லிவிட்டார்கள். அக்காவின் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

"கட்! கட்! இறக்குங்க அவனை!" என்று அலறினாள்.

படப்பிடிப்பில் 'கட்' சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். கார்கள் வெடித்துத் தீர்ந்தன. கயிறு பாதியில் நின்றது. இறக்கி, ஓடிப்போய்த் திருகாணிகளைக் கழற்றி ஹெல்மெட்டைத் தூக்கினால், தம்பி முழித்துக்கொண்டு நின்றான்.

"என்னக்கா ஆச்சு? நான் தட்டவே இல்லையே."

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டுப் போனார். மாஸ்டர்தான் பேசினார். "தம்பி மேல அவ்ளோ பாசம்னா, இடுப்புல தூக்கி வெச்சுட்டு வீட்டுலயே உக்காரு தாயி. இங்க எதுக்கு வர்ற?"

யூனிட் சிரித்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டது. மறுபடியும் அவள் ஓடினாள். மறுபடியும் தம்பி தட்டவில்லை. இந்தமுறை மேனேஜர் அருகில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "இன்னொரு தடவை இப்படி நடந்துச்சு... நீயும் கிடையாது, உன் தம்பியும் கிடையாது. கார்டும் கிடையாது. புரியுதா?"

அன்று மாலை உடை அறையில் தம்பி தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டான். "அக்கா, நிஜமாவே உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடா. நீ இருக்கியேன்னுதான் வர்றேன், இல்லன்னா இந்த ரூமுக்குள்ளயே வர மாட்டேன்."

அவன் சூட்டைத் திரும்பிப் பார்த்தான். "சரி விடு. இனிமே மூணு தட்டு கேட்டா வராதே. அது நான் இல்ல. எனக்கு முடியலைன்னா வலது கையத் தூக்குறேன். தலைக்கு மேல, நேரா. ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போகணும்னு கேப்போம்ல, அந்த மாதிரி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கை தூக்கினாத்தான் வரணும்?"

"கை தூக்கினா மட்டும்தான் வரணும். கார்டு முக்கியம்க்கா."

இந்தப் பேச்சு அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் எடுத்தது சிறைக் காட்சி. வீரனைச் சுவரோடு சேர்த்துச் சங்கிலியில் கட்டியிருப்பார்கள். அவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு கேமராவை நோக்கி நடந்து வர வேண்டும். சங்கிலி ஃபைபர். ஆனால் அதற்குள் இரும்புக் கம்பி ஓடியது. 'ஆக்‌ஷன்' சொன்னதும் சுவருக்குப் பின்னாலிருந்து ஆர்ட் பிரிவு ஆள் கம்பியைப் பிடித்திருக்கும் ஊசிகளை உருவுவார். அப்போதுதான் கைகள் விடுபடும். அதுவரை இரண்டு மணிக்கட்டும் சுவரோடு சுவராக இருக்கும்.

சங்கிலியை மாட்டியது அக்காதான். வலது கைக்கும் அவளே மாட்டினாள். வீரன் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே அவள் மனதில் இருந்தது.

ஒன்றேகால் மணிக்கு லைட் மாற்ற வேண்டும் என்றார்கள். "பத்து நிமிஷம்தான். அவனைக் கழட்டினா திரும்ப மாட்ட அரைமணி ஆகும். அப்படியே நிக்கட்டும்" என்றார் மேனேஜர். சூட்டின் உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓட ஒரு குழாய் உண்டு. அதை மாட்டும் இடம் முதுகில் இருந்தது. முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது.

பத்து நிமிஷம் இருபதானது. ஒரு லைட் பழுதானது. வேறு கொண்டுவர ஆள் போனான். யூனிட் சாப்பிடப் போனது. அக்கா மட்டும் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியை விட்டுப் போக மனமில்லை.

ஒன்றே முக்காலுக்குக் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

அவள் எழுந்துவிட்டாள். கைகளைப் பார்த்தாள். இரண்டு கைகளும் விரித்தபடி சுவரிலேயே இருந்தன. வலது கை தூக்கவில்லை.

உட்கார்ந்துகொண்டாள்.

டொக்... டொக்... டொக்.

வலது கை தூக்கவில்லை.

டொக்... டொக்... டொக்.

இந்தமுறை அவளுக்குப் பயம்கூட விட்டுப்போயிருந்தது. சூட்டைப் பார்த்து ஆள்காட்டி விரலை ஆட்டினாள். உன் பாச்சா இனி என்னிடம் பலிக்காது என்பது போல.

மேலும் சில தடவை கேட்டது. சத்தம் வேகமானது. பிறகு தேய்ந்தது...

பிறகு நின்றது.

மூன்று பத்துக்கு எல்லாம் தயார். 'ஆக்‌ஷன்.'

சங்கிலி அறுந்தது. சூட் சுவரைவிட்டு நகர்ந்தது. ஒரு அடி. இன்னொரு அடி. அவசரமில்லாத நடை. செட்டில் ஒரு இருமல்கூட இல்லை. கேமராவுக்கு முன்னால் வந்து நின்றது. தலையை நிமிர்த்தியது.

"ஓகே!" டைரக்டர் எழுந்து கைதட்டினார். "இந்தப் படத்துலயே இதுதான்யா ஷாட்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

சூட் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. மார்பில் கை வைத்தது.

டொக்... டொக்.

இரண்டு. நன்றாக இருக்கிறேன்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. சிரித்துக்கொண்டே ஸ்க்ரூடிரைவரோடு போனாள். அவள் தொட்டதும் சூட் சாய்ந்தது.

அப்படியே... மரம் மாதிரி.

மேனேஜர் ஓடிவந்தார். "வெட்டாதீங்க! சூட்டை வெட்டாதீங்க! திருகிக் கழட்டுங்க!"

பதினேழு திருகாணிகள். ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பதினொன்றாவதில் கை வழுக்கியது. அதற்குமேல் லைட்மேன் வாங்கிக் கழற்றினார்.

ஹெல்மெட்டைத் தூக்கினார்கள்.

தம்பியின் கண்கள் பாதி திறந்திருந்தன. உதட்டில் நுரை காய்ந்து போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். உடம்புச் சூடு ஏறியதால் போன உயிர். போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

"என்ன சார் பேசுறீங்க?" என்று மாஸ்டர் எகிறினார். "முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடி நடந்து வந்தான் சார். அத்தனை பேரும் பார்த்தோம்."

டாக்டர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க பார்த்தது எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொன்னேன்."

ஆர்ட் பிரிவு ஆள் வாசலில் நின்று திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "நான் ஊசியை உருவவே இல்ல. அதுக்கு முன்னாடியே கம்பி அறுந்துடுச்சு..."

லைட்மேன்தான் அக்காவைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். முன்பிருந்தவன் வேலையை விட்டுப் போகவில்லை. அவனும் இந்த சூட்டுக்குள்ளேயே, ஒரு சாப்பாட்டு இடைவேளையில்தான் போனான். "தட்டிட்டேதான் இருந்தான்மா. எல்லாரும் சாப்பிடப் போயிட்டோம்."

பதினாறு நாள் கழித்து, படப்பிடிப்பை மேக்கிங் வீடியோவாக எடுத்த பெண் அக்காவின் வீட்டுக்கு வந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். இடைவேளையில் அவள் கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டுப் போயிருக்கிறாள்.

வீடியோவில் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே தம்பி. பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அவன் மணிக்கட்டுகள் இழுக்கின்றன. வலது மணிக்கட்டு மட்டும், மேல்நோக்கி, மீண்டும் மீண்டும். கம்பி விடவில்லை. பிறகு தலையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரில் இடிக்கிறான். மூன்று முறை. மீண்டும் மூன்று முறை.

அக்கா எழுகிறாள். உட்காருகிறாள். விரலை ஆட்டுகிறாள்.

இரண்டு மணிக்கு அவன் தலை மார்பில் தொங்குகிறது. மூன்று பத்து வரை அசைவே இல்லை.

'ஆக்‌ஷன்' என்ற குரல் வருவதற்குச் சற்று முன்பு... அந்தத் தலை நிமிர்கிறது.

அந்த ஷாட் படத்தில் இருக்கிறது. தியேட்டரில் அதற்குத்தான் விசில் பறந்தது. சூட்டைத் துடைத்து, அடுத்த பாகத்துக்காக எடுத்து வைத்தார்கள். ஆள் தேடினார்கள். ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

போன மாதம் அக்காவுக்கு ஒரு போன் வந்தது. அவள் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பெண். நம்பரை லைட்மேன் கொடுத்தாராம்.

"அக்கா, சின்ன சந்தேகம். தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க."

"சொல்லு."

"அந்த சூட் ஸ்டாண்டுல ஏதாவது ஸ்க்ரூ லூசாக்கா?"

"ஏன்? தட்டுற சத்தம் கேட்குதா?"

"சத்தமா? இல்லையே. அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா." புதுப் பெண் சிரித்தாள். "சாயங்காலம் ரெண்டு கையையும் இறக்கி வெச்சுட்டுத்தான் போறேன். காலையில வந்து கதவைத் திறந்தா..."

"திறந்தா?"

"வலது கை மட்டும் தலைக்கு மேல நேரா தூக்கி நிக்குதுக்கா. தினமும்."