அண்ணாச்சி விட்டுவைத்த இரண்டு வரிகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தில்லி துவாரகாவிலிருந்து போன் வந்தது. ஆறுமுகநயினாரின் மகள் பேசினாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் வார்த்தைகளைக் கொஞ்சம் தேடித்தான் பேசுவாள். "அங்கிள், அப்பா போயிட்டாங்க. நைட் பூரா முழிச்சே இருந்தாங்க. சுபஹ்தான்..." என்று, விடியலுக்கு இந்தி வார்த்தையோடு நிறுத்திவிட்டாள். பணிக்காலத்தில் இரவெல்லாம் விழித்திருந்து, விடிந்த பிறகு படுக்கப் போன மனிதர். கடைசி நாளிலும் அந்த வழக்கத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முனிர்காவை ஒட்டிய வளாகத்தில் இருக்கும் எங்கள் சிறிய வானாய்வகத்தின் இரவுப் பணி முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. தில்லி வானத்தில் அப்படி என்னதான் தெரியும் என்று உறவினர்கள் கேலி செய்வார்கள். நிலவு தெரியும், கிரகங்கள் தெரியும், பளிச்சென்ற நட்சத்திரங்கள் சில தெரியும். அவ்வளவுக்கும் தொலைநோக்கியின் மேலிருக்கும் டோமை, அந்த வட்டக் கூரையை, யாராவது திறக்கவேண்டும், சரியான நேரத்தில் மூடவும் வேண்டும். எத்தனை பெரிய விஞ்ஞானி வந்தாலும் இரவுப் பொறுப்பாளர் மூடலாம் என்றால் மூடியாக வேண்டும் என்பது எங்கள் விதி. காற்றின் ஈரத்தை அளக்கக் கருவி இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய், படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் உள்ளங்கையை வைப்பார். கையில் ஈரம் ஒட்டினால் அன்று திறப்பு இல்லை. "மீட்டரு உள்ள இருக்கு சார், பனி வெளியில இருக்கு" என்பார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இந்தி பேசும் காவலாளிகள்கூட அண்ணாச்சி ஜி என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரவு நடந்ததையெல்லாம் அவர் லாக் புத்தகத்தில் எழுதுவார். எழுதி முடித்ததும் கடைசி வரியில் மீதி இருக்கும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார். பின்னால் யாரும் எதையும் நுழைத்துவிடக் கூடாதாம். அடுத்த இரவின் குறிப்பு அடுத்த வரியிலேயே தொடங்கும். தாம் செய்ததையும் கண்ணால் பார்த்ததையும் மட்டுமே எழுதுவார். "அவங்கவங்க செஞ்சத அவங்கவங்கதான் எழுதணும்" என்பது அவருடைய சட்டம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே ஆய்வாளனாகச் சேர்ந்தேன். ஒரு பிப்ரவரி இரவு, நிலவு ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் கணத்தைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த நட்சத்திரத்தைத் தில்லியிலிருந்து மறுபடி அப்படிப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். எனக்கோ கும்பகோணத்து நாக்கு, காபி இல்லாமல் இரவு நகராது. டோமுக்குள் சூடு எதுவும் கூடாது என்று தெரிந்தும், அண்ணாச்சி கீழே போயிருந்த நேரத்தில் மின்கெட்டிலை உள்ளே கொண்டுவந்து தண்ணீர் கொதிக்க வைத்தேன். குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அதை மறந்தும் போனேன்.

அவர் திரும்பி வந்து தொலைநோக்கியின் கண்ணாடிமேல் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆவி படர்ந்திருந்தது. மறைவுக்கு இன்னும் எட்டு நிமிடம். கைக்குட்டையால் துடைத்துவிடுகிறேன் என்று நான் எழுந்தேன். அவர் குறுக்கே வந்து நின்றார். "துடைச்சா பூச்சு போயிரும். நட்சத்திரம் என்னைக்காவது திரும்ப வரும் சார், இந்தக் கண்ணாடி போனா வராது" என்று சொல்லி டோமை மூடினார். கெட்டிலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மறுநாள் ஆத்திரத்தில், அளவுக்கு மீறிய பயத்தால் அவர் என் ஆய்வைக் கெடுத்தார் என்று புகார் எழுதிக் கொடுத்தேன். கெட்டிலைப் பற்றி எழுதவில்லை. விசாரணை நடத்திய குழுவின் கையில்தான் என் திட்டத்தின் நீட்டிப்பும் இருந்தது. அண்ணாச்சியிடம் கேட்டார்கள். "மூடினது நான் சார். புத்தகத்துல எழுதியிருக்கேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது சும்மா சொன்னதல்ல. அவரை இரவுப் பணியிலிருந்து எடுத்து ஓராண்டு ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். என் திட்டத்துக்கு நீட்டிப்பு கிடைத்தது.

திரும்பி வந்த அண்ணாச்சி என்னிடம் முகம் சுளித்ததே இல்லை. அதே கைப்பிடி, அதே கோடு, "வாங்க சார், இன்னைக்குத் தெளிவா இருக்கு" என்ற அதே வரவேற்பு. அவர் சண்டை போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் ஓய்வு பெற்ற நாளில், சமோசாத் தட்டோடு ஓரமாக நின்றவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்குக் குளிரு அப்படி, விடுங்க" என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்கிட்ட சொல்லி என்ன சார் செய்ய? புத்தகத்துல ரெண்டு வரி விட்டு வச்சிருக்கேன்" என்றார்.

அந்தப் புத்தகத்தைத் தேடி நான் போகவில்லை. அதற்குள் பிரிவுத் தலைவராகிவிட்டிருந்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். அவர் இருக்கும்போதே செய்திருக்க வேண்டியதை, இறந்த பிறகு செய்யக் கிளம்பிய கோழை நான்.

தகனம் முடிந்த மறுநாள் ஆவண அறையில் அந்த ஆண்டின் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கண்ணாடியில் ஈரம், டோமை மூடினேன், முடிவு என்னுடையது என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அதன் முடிவில் கோடு இல்லை. புத்தகம் முழுவதும் தேடினாலும் வேறெங்கும் கிடைக்காத இரண்டு வெற்று வரிகள் அதன் கீழே இருந்தன.

கெட்டிலைக் கொண்டுவந்தவன் நான், புகார் பொய், அவர் செய்தது சரி என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். இரண்டாவது வரியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதில் ஒரு கோடு இழுத்தேன்.

அந்த இரவின் குறிப்பு இப்போதுதான் முடிந்தது, அண்ணாச்சி. போய் வாருங்கள்.