ஆலோசகர்கள் மூவரும் ஒப்புதல்

ஓய்வு பெற்ற அதிகாரியைக் குழுவில் சேர்ப்பவர்கள் அவர் அறிவுக்காகச் சேர்ப்பதில்லை, கையெழுத்துக்காகச் சேர்க்கிறார்கள். மாமல்லபுரம் சாலையில் இருக்கும் அந்த ஆராய்ச்சி நிறுவனம் என்னை அழைத்தபோதே இது எனக்குத் தெரியும். ஸ்டெம் செல் ஆராய்ச்சியை மேற்பார்வையிடும் குழுவில் விஞ்ஞானி அல்லாத ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவர் நான். நான் இருக்கும் செங்கல்பட்டுக்கே கார் வரும்.

நண்டு ஓட்டிலிருந்து மெல்லிய சவ்வு செய்து, அதில் நோயாளியின் ஸ்டெம் செல்களை வளர்த்து, தேய்ந்த முழங்காலில் வைப்பது அவர்கள் திட்டம். ஆடுகளுக்கு வைத்துப் பார்த்தாகிவிட்டது, அடுத்தது மனிதர்கள். வழிகாட்ட மூன்று அறிவியல் ஆலோசகர்கள். வரவேற்பறையில் அவர்கள் படங்கள் தொங்கின. கூட்டத்தில் ஒருவரையும் பார்த்ததில்லை. படத்துக்கு மட்டும் சம்மதித்தவர்கள் என்று முடிவு கட்டியிருந்தேன். அதிலும் அந்த ஓய்வு பெற்ற பேராசிரியை மீது கூடுதல் சந்தேகம். அவர் சிரிப்பு அப்படி.

சிகிச்சைக்குத் தங்கள் பெயரைக் கொடுத்தவர்களில் நெம்மேலியிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவும் ஒருவர். அவரே சொன்னார்.

"நான் விக்கிற நண்டு ஓட்டையே என் முட்டியில வெக்கப்போறாங்களாம் சார். பஸ்ல ஏறச்சொல்லோ இனிமே வலிக்காதாம்."

"எப்போ?"

"நீங்கள்லாம் கையெழுத்து போட்டா அடுத்த மாசமாம். சீக்கிரம் போடு சார்."

அடுத்த கூட்டத்தில் தேநீர் வரும் முன்பே நடவடிக்கைக் குறிப்பு வந்துவிட்டது. 'ஆலோசகர்கள் மூவரும் ஒப்புதல் அளித்துள்ளனர்.' அவர்கள் கடிதங்களைக் கேட்டேன்.

"எல்லாம் ஃபைல்ல இருக்கு சார். வெறும் ஃபார்மாலிட்டி" என்றார் இயக்குநர்.

"அந்த ஃபார்மாலிட்டிக்குத்தான் சார் எனக்குப் பென்ஷன் தர்றாங்க. கொண்டுவரச் சொல்லுங்க."

கோப்பின் மேலே ஓர் அட்டவணை: ஆலோசகர் பெயர், அனுப்பிய தேதி, பதில் வந்ததா. மூன்றுக்கும் டிக். அடியில் கடிதங்கள். இரண்டு, ஒற்றை வரியில் 'ஆட்சேபணை இல்லை'. மூன்றாவது பேராசிரியையுடையது, நான்கு பக்கம். ஆடுகளில் சவ்வு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கரைந்திருக்கிறது. அதன்பின் செல்கள் உடம்பில் எங்கே போயின என்று யாரும் பார்க்கவில்லை. அது தெரியும்வரை மனிதருக்கு வைக்கக் கூடாது.

பதில் வந்ததால் டிக். டிக் இருந்ததால் ஒப்புதல். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. என் சர்வீஸில் இப்படிப்பட்ட எத்தனையோ அட்டவணைகளை நம்பி நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்தக் கோப்பை முழுதாகப் படித்தவர் நான் சந்தேகப்பட்ட அந்தப் பெண்மணி ஒருவர்தான்.

என் மறுப்பை எழுத்தில் கொடுத்து, அவர் கடிதத்தின் நகலை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்ப வைத்தேன். திட்டம் நின்றது.

அந்த வாரமே மீன்கார அம்மா வாசலில் கூடையை இறக்கினார். "நீதான் நிறுத்தினியாமே சார்."

பேராசிரியை எழுதியதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அந்தம்மா மெய்யாலுமே எழுதிக்கீறாங்களா, இல்ல நீயா சொல்றியா?"

குழுவின் ஆவணத்தை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பதும் விதி. உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்து, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலைப் பிடித்தபடி கேட்டார்.

"அந்த செல்லு எங்க போச்சுன்னே தெரியலன்றாங்களா?"

"ஆமாம்."

"ஆட்டுக்கே தெரியலயா?"

"தெரியல."

கூடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். பிறகு, "அந்தம்மா நம்பர் வாங்கிக் குடு சார்" என்றார். "இந்த முட்டிக்கு வேற இன்னா வழின்னு அவங்களையே கேக்கறேன்."