காய்ச்சி ஆறவைத்த நாற்பது லிட்டர்

என் மனைவியின் தங்கமீன்கள் இரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கையால் சாகப் பார்த்தன. என் நோக்கம் நல்லதுதான். என் நோக்கங்கள் எல்லாமே நல்லவை. கைதான் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

அவள் வேலூரில் நர்ஸ். காலையில் ஆம்பூர் வீட்டிலிருந்து ரயிலுக்குக் கிளம்பும்போது, "தொட்டித் தண்ணி பச்சையா கீது, பாதி மாத்திடுங்க. போர் தண்ணி வேணாம், உப்பு ஜாஸ்தி" என்றாள். பாதி என்றது காதில் விழுந்தது, மனத்தில் ஏறவில்லை. மீன்களைப் பக்கெட்டில் விட்டுவிட்டுத் தொட்டியை மொத்தமாகக் கவிழ்த்தேன்.

காய்ச்சாத தண்ணீர் எவர் தொண்டையிலும் இறங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் நர்ஸம்மா போட்ட சட்டம். குழாய்த் தண்ணீரில் குளோரின் வேறு இருக்கும். காய்ச்சினால் அதுவும் தொலையும். ஆகவே மீனுக்கும் அதே மரியாதை என்று முடிவு செய்து, அடுத்த வீட்டு பாயம்மாவிடம் தண்ணீர் காய்ச்சப் பெரிய தேக்சாப் பாத்திரம் கேட்டேன்.

"இன்னாண்ணா, பிரியாணியா?"

"இல்லம்மா, மீனுக்கு."

"எத்தினி கிலோ?"

"ரெண்டு."

"ரெண்டு கிலோவுக்கு இவ்ளோ பெரிய தேக்சாவா?"

"கிலோ இல்லம்மா. ரெண்டு மீன்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தேக்சாவை எடுத்துக் கொடுத்தார்.

தண்ணீர் சூட்டை லேசில் வாங்காது. வாங்கினால் லேசில் விடாது. காலையில் இறக்கிவைத்தது மதியம் வரை வெதுவெதுப்பாகவே இருந்தது. இந்தப் பிடிவாதம் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் ஊர் வெயிலுக்கு ஏரி மீனெல்லாம் கரைக்கு வருவதற்குள் குழம்பாகியிருக்கும். தூசி விழாமல் தட்டுப்போட்டு மூடி, ஆறியதும் ஒரு துளி சிதறாமல் தொட்டியில் இறக்கி, மீன்களை விட்டேன்.

கால் மணி நேரத்தில் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நன்றி சொல்கின்றன என்று நினைத்தேன். பிறகு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. ஓடிப்போய் ஃபேனைப் போட்டேன். ஃபேன் எதற்கு என்று கேட்காதீர்கள். மனைவிக்கு போன் அடித்தேன். டூட்டியில் எடுக்க மாட்டாள். எடுக்காததே நல்லது என்று அடுத்த நொடி தோன்றியது. கூட வேலை செய்யும் தோஸ்துக்கு அடித்தேன்.

அது என்ன வேலை என்பதை மறைத்துப் பயனில்லை. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் இருக்கிறோம். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு மூச்சு வேண்டுமே. அதற்காகத் தொட்டிக்குள் ப்ளோயர் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மீட்டரை விட்டுப் பார்த்து எழுதுவதுதான் இருபது வருடமாக என் உத்தியோகம்.

"தண்ணிய இன்னா பண்ண?" என்றான் தோஸ்து, விஷயத்தைக் கேட்டதும்.

"நல்லா கொதிக்க வெச்சேன்."

"அப்பால?"

"மூடி வெச்சேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. "யோவ், தண்ணில இருந்த காத்த மொத்தமா தொரத்திட்டு, திரும்பி வராம மூடியும் போட்டுகீற. நீயெல்லாம் மீட்டர் புடிக்கிற ஆளு!"

"தண்ணிலயே ஆக்சிஜன் இருக்குதேப்பா. எச் டூ ஓ..."

"அது ஹைட்ரஜனோட குடும்பம் நடத்துது. உன் மீனு போய் பிரிச்சு வைக்க முடியாது. வெளிய இருந்து கரைஞ்ச காத்துதான் அதுக்கு மூச்சு. வீட்ல ப்ளோயர் கீதா?"

"இல்ல."

"டீ ஆத்தத் தெரியுமா?"

தெரியும். ஸ்டூல் போட்டு ஏறினேன். தொட்டித் தண்ணீரைச் செம்பில் மொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு மூலையில் நுரை பறக்க ஊற்றினேன். மறுபடி மொண்டேன்; மறுபடி ஊற்றினேன். தண்ணீர் யார் வந்தாலும் இடம் கொடுத்துவிடும். எங்கள் கிணறுகள் பதனிடும் தோலுக்குப் போட்ட உப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு கெட்டுப்போனது இந்தக் குணத்தால்தான். வேருக்குச் சத்தும் உடம்புக்குச் சர்க்கரையும் போய்ச் சேருவதும், மீனுக்குக் காற்று கிடைப்பதும் அதே குணத்தால்தான். இருபது வருடம் மீட்டரில் வெறும் எண்ணாகப் பார்த்தது, அன்று இரண்டு குட்டி வாய்களாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காலை டூட்டி முடிந்து மனைவி வந்தபோது கூடம் முழுக்க ஈரம்.

"இன்னாங்க இது?"

"ஆத்துறேன்."

தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். ஒரு மீன் நடுத் தண்ணீருக்கு இறங்கியிருந்தது. சாய்ந்தது நிமிர்ந்துவிட்டது, ஆனால் இன்னும் மேலேயே நின்றது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் என் மணிக்கட்டில் நாடி பிடித்துத் தன் வாட்சைப் பார்த்தாள்.

"மீனு பரவால்ல. உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது. எறங்குங்க."

செம்பை வாங்கி அவளே ஊற்றினாள், ஒரு சொட்டு வெளியே போகாமல். சற்று நேரத்தில் சாய்ந்திருந்த மீன் வாலை உதறிக்கொண்டு அடிக்குப் போய், ஒரு கூழாங்கல்லை வாயில் எடுத்துத் துப்பியது.

"பசி வந்துடுச்சு அதுக்கு," என்றாள்.

எனக்கும்தான் என்று சொல்ல வந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தரை துடைக்கத் துணி தேடினேன்.