குட்டைப் பனைக்கு ஒரு காவல்

அந்த மனிதரை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. தொண்ணூறுகளில், இத்தாலியில் மொண்டெல்லோவுக்கு மேலேயுள்ள வறண்ட மலையில் அவர் வனக்காவலர். வெயிலில் கறுத்த முகம். நெருப்புப் பிடித்துவிடும் என்று மலையில் பற்றவைக்காத சிகரெட்டையே மென்றுகொண்டிருப்பார்.

குருத்தோலை ஞாயிறுக்காக, மன்னாரில் வெட்டிய பழக்கத்தில், முழங்கால் உயரக் குட்டைப் பனைகளில் நானும் மனைவியும் குருத்து வெட்டினோம். அவர் வந்து சாக்கைப் பறித்துக் கொட்டினார்.

"கல்லிலை காயிற பத்தைச் செடிக்கு ஒரு காவலோ?" என்று மனைவி சீறினாள்.

"கோயிலுக்குத்தான்" என்றேன், அரைகுறை இத்தாலியனில்.

"குருத்தை வெட்டினால் அந்தத் தண்டே செத்துவிடும். ஆண்டவரா கேட்டார்?"

ஞாயிறு பூசையில் பக்கத்து வாங்கில் அவர் உட்கார்ந்திருந்தார், ஓலைக்குப் பதில் ஒலிவக் கிளையோடு. ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் கை நீட்டினேன். அதில் ஓலை இருக்கிறதா என்று பார்த்தார். வெறுங்கைதான். அப்படியிருந்தும் அவர் கை தரவில்லை.