எக்ஸ்பிரஸின் மீன்தொட்டிச் செடி

அந்த வெல்டருக்குத் தெருவில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். காலையில் உடைந்த கேட் மதியத்துக்குள் சரியாகி நின்றுவிடும்.

மீன்தொட்டியில் அவர் வைத்திருந்த அனுபியாஸ் செடியின் இலைகள் மஞ்சளாகி ஓட்டை விழுந்தன. பொட்டாசியம் சத்துக் குறைவு என்று உரம் தந்தார் மீன்தொட்டிக் கடைக்காரர். எக்ஸ்பிரஸ் உரப் புட்டியை அப்படியே கவிழ்த்தார். செடி தேறவில்லை, கண்ணாடி முழுக்கப் பாசி படர்ந்ததுதான் மிச்சம்.

"பட்டினி கிடந்தவனுக்கு ஒரு மாசச் சாப்பாட்டை ஒரே வேளையிலயா போடுவாங்க?" என்று மனைவி சிரித்தாள்.

அவருக்கு உறைத்தது. பாதித் தண்ணீரை மாற்றினார், விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தார், வாரம் ஒருமுறை சில சொட்டு உரம் மட்டும் விட்டார். மற்ற நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"ஓட்டை அடைஞ்சுதா?" என்று கேட்டாள் மனைவி.

"அது அடையாதாம். புது இலை நல்லா வந்தாத்தான் தேறிடுச்சுன்னு அர்த்தமாம்."

மாதங்கள் போயின. ஒருநாள் அவர் போட்ட கூச்சலில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். தண்டின் நுனியில் விரல்நக அளவில் ஓட்டையில்லாத இலை ஒன்று விரிந்திருந்தது.

"இதுக்கா ஊரைக் கூட்டினீங்க?" என்றவள், குனிந்து பார்த்தாள். "அடுத்தது எப்ப வரும்?"

"வரும்போது வரட்டும்" என்றார் எக்ஸ்பிரஸ்.